வெட்டுக் காயத்துக்குத் தண்டனையும் இழப்பீடும்

"வெட்டினவன் வைத்தியச் செலவைக் கொடுத்துவிட்டான். வெட்டுப்பட்டவனும் வாங்கிக்கொண்டான். கோயிலில் வைத்துப் பேசி முடித்தும் ஆயிற்று. அப்படியிருக்க வழக்கு மட்டும் ஏன் நடக்கிறது?"

தோட்ட மக்களிடையே பேசச் செல்லும் இடங்களில் நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் வினா இது. கேட்பவர்கள் சட்டத்தை மதியாதவர்கள் அல்லர். தங்கள் தந்தையர் காலத்தில் கண்ட ஒரு முறையை மனத்தில் வைத்தே கேட்கின்றனர். ஆதலின் இதற்குச் சற்று விரிவாகவே விடை கூற வேண்டியுள்ளது.

சுபாங் ஜெயா இன்று ஒரு மாநகரம்; 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் அதற்கு அத்தகுதி வழங்கப்பட்டது. ஆயினும் 1976-ஆம் ஆண்டில் வீடமைப்பு வேலை தொடங்குவதற்கு முன்னர் அந்நிலம் சீபீல்ட் என்னும் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. லயங்களும் பிரட்டுக்களமும் இருந்த இடங்களில் இன்று அடுக்குமாடி வீடுகளும் கடைத்தொகுதிகளும் நிற்கின்றன. சுபாங் ஜெயாவிலும் அதனைச் சுற்றியுள்ள நகர்ப்பகுதிகளிலும் வாழும் நம் மக்களுள் பலர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். தோட்டம் போயிற்று, தோட்டத்துப் பழக்கங்கள் அத்தனை விரைவில் போவதில்லை. அவற்றுள் ஒன்று, சண்டையைத் தங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளும் பழக்கம்.

அம்முறை எவ்வாறு நடந்தது என்பதை முதியவர்கள் நன்கு அறிவர். கள்ளுக்கடையிலோ தண்ணீர்க் குழாயடியிலோ ஒரு வாய்ச்சண்டை மூண்டு கைகலப்பாகி, ஒருவர் தலை உடைந்துவிடும். மறுநாள் மாலை கோயில் முன்றிலில் தலைவர்களும் பெரியவர்களும் கூடுவார்கள். இரு தரப்பையும் கேட்டபின், குற்றம் செய்தவர் இவ்வளவு தண்டம் கட்ட வேண்டும், காயம்பட்டவரின் வைத்தியச் செலவையும் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாகும். வெற்றிலைப் பாக்கு மாற்றி, "அண்ணே, மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்று இளையவர் மூத்தவரின் காலைத் தொட்டவுடன் சபை கலையும்.

இதனை எள்ளி நகையாடுவதற்கில்லை. ஒரே லயத்தில், ஒரே சுவரின் இரு பக்கங்களில் வாழ வேண்டிய இரு குடும்பங்கள் மீண்டும் முகம் பார்த்துப் பேச அது வழி செய்தது. காயம்பட்டவர் கையில் உடனடியாகச் சிறிது பணமும் சேர்ந்தது. ஆனால் அம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. சபையில் ஆள்பலம் உள்ளவர் பக்கமே பேச்சு ஓங்கும். கணவனிடம் அடிபட்ட மனைவிக்கு அச்சபையில் குரலே இல்லை. கைம்பெண்ணின் மகன் வெட்டுப்பட்டால் ஒரு தொகை. கங்காணியின் மகன் வெட்டுப்பட்டால் வேறு தொகை.

காயத்துக்குப் பொருளால் ஈடு செய்யும் வழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. நெகிரி செம்பிலானில் வழங்கும் அடாட் பெர்ப்பாத்தே என்னும் மரபுச் சட்டத்தில், ஒருவரை வெட்டிக் காயப்படுத்தியவர் 'பம்பாஸ்' கொடுக்க வேண்டும் என்பது தொன்மையான விதி. வெட்டினவர் தனியாக அன்று, அவருடைய குலமே சேர்ந்து அதற்குப் பொறுப்பேற்றது. இன்று நீதிமன்றங்களிலும் அரசாங்கப் பாரங்களிலும் இழப்பீட்டைக் குறிக்க வழங்கும் 'பம்பாசான்' என்னும் மலாய்ச் சொல் அதே வேரிலிருந்து பிறந்ததாகும். சபா மாநிலத்தில் கடசான், டூசுன் மக்களிடையே 'சோகிட்' என்றொரு வழக்கம் உண்டு. அச்சொல்லின் பொருள் குளிர்ச்சி என்பதாம். குற்றத்தினால் கிராமத்தில் ஏறிய வெம்மையைத் தணிக்க, எருமை, பன்றி போன்ற கால்நடைகளைக் கொடுத்துச் சமாதானம் செய்வர். அங்குள்ள பூர்வீக நீதிமன்றங்கள் அத்தகைய வழக்காற்றுக் குற்றங்களை விசாரிக்கின்றன. எனினும் கொலை, கொடுங்காயம் போன்ற தண்டனைச் சட்டக் குற்றங்கள் அங்கும் பொது நீதிமன்றங்களுக்கே உரியவை.

இங்கிலாந்தில் கென்ட் என்னும் நாட்டை ஆண்ட எத்தல்பர்ட் மன்னனின் சட்டம் ஏறக்குறைய கி.பி. 600-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் அதில் விலை குறிக்கப்பட்டுள்ளது. காதை அறுத்தால் 12 ஷில்லிங். முன்பல்லை உடைத்தால் 6. கட்டைவிரலை வெட்டினால் 20. கட்டைவிரலுக்கு ஏன் காதைவிட அதிகம் என்பதை மரம் சீவும் நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கட்டைவிரல் இல்லாத கை கத்தியைப் பிடிக்காது.

நம் முன்னோரின் தமிழகத்துக் கல்வெட்டுகளிலும் இதன் சாயலைக் காண்கிறோம். வேட்டைக்குச் சென்ற இடத்தில் தவறுதலாக அம்பெய்து மற்றொருவரைக் கொன்றவர், ஊரார் அல்லது நாட்டார் தீர்ப்புப்படி கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க ஆடோ பசுவோ கொடுத்த செய்திகள் சோழர் காலக் கல்வெட்டுகளில் உள்ளன. அவற்றைப் படிக்கும்போது நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. விளக்கு எரிந்தது, இறந்தவனின் மனைவி மக்கள் என்ன ஆனார்கள்? கல்வெட்டு அதைப் பற்றிப் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

இக்காலச் சட்டத்திலும் அவ்வையத்துக்கு இடமிருந்தது. குற்றவாளி கட்டும் அபராதம் அரசாங்கக் கருவூலத்துக்குச் செல்கிறது. சிறைத் தண்டனை அனுபவித்தால் அதனால் வெட்டுப்பட்டவர் வீட்டு அடுப்பு எரியாது. இக்குறையை நீக்கவே நம் நாட்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அண்மைக் காலத்தில் சில திருத்தங்கள் செய்யப்பட்டன. அவற்றைக் கூறுமுன், காயத்தைச் சட்டம் எவ்வாறு தரம் பிரிக்கிறது என்பதை அறிதல் நலம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர் இருவருக்குள் சண்டை. ஒருவர் மற்றவரை வெறுங்கையால் அறைந்து உதடு கிழிந்தது. இது தண்டனைச் சட்டத்தின் 323-ஆவது பிரிவு. ஓராண்டு வரை சிறை, அல்லது 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். அறை வாங்கியவர் விழுந்து கை எலும்பு முறிந்ததென்று வையுங்கள். எலும்பு முறிவு கொடுங்காயம் ஆகையால், அத்தகைய காயத்தை விளைவிக்கும் எண்ணமோ, அது நேரும் என்ற அறிவோ அடித்தவருக்கு இருந்தது மெய்ப்பிக்கப்பட்டால் 325-ஆவது பிரிவின்கீழ் 7 ஆண்டுகள் வரை சிறை செல்ல நேரும்.

இனி, கையில் கத்தி இருந்தால் கதையே வேறு. வெட்டுகின்ற, குத்துகின்ற, சுடுகின்ற கருவிகள் யாவும் அபாயகரமான ஆயுதங்கள் எனக் கருதப்படும். பாராங்கும் அதில் அடங்கும். செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளும் அடங்கும். நாள்தோறும் நாம் மரம் சீவப் பயன்படுத்தும் கத்தியும் அடங்கும். "அது வேலைக் கத்திதானே, ஆயுதமா?" என்று நீதிமன்றத்தில் வாதிடுவதனால் பயனில்லை. ஆயுதத்தால் விளைந்தது சாதாரணக் காயமேயாயினும் 324-ஆவது பிரிவின்கீழ் 10 ஆண்டுகள் வரை சிறை உண்டு. முன்னர் இது 3 ஆண்டுகளாகவே இருந்தது. ஆயுதத்தால் கொடுங்காயம் விளைந்தால் 326-ஆவது பிரிவு: 20 ஆண்டுகள் வரை சிறை, அதனுடன் அபராதமோ பிரம்படியோ விதிக்கப்படலாம். பெண்களுக்கும் 50 வயதைக் கடந்த ஆண்களுக்கும் பொதுவாகப் பிரம்படி இல்லை.

பார்வை போதல், செவிப்புலன் போதல், உறுப்பையோ மூட்டையோ இழத்தல், உறுப்பின் ஆற்றல் நிலையாகக் குன்றுதல், முகத்தில் அழியாத வடு ஏற்படுதல், எலும்பு முறிதல், உயிருக்கே ஆபத்து விளைதல் ஆகியவை கொடுங்காயங்கள். நம் எடுத்துக்காட்டில், பாராங் வீச்சில் ஒருவரின் கட்டைவிரல் துண்டானால் அது கொடுங்காயம். வழக்கு செஷன்ஸ் நீதிமன்றத்துக்குச் செல்லும். தசை மட்டும் கிழிந்திருந்தால் மாஜிஸ்திரேட்டே விசாரிக்கலாம். கத்தி ஓர் அங்குலம் தள்ளிப் பட்டதா என்பதில் ஒருவர் வாழ்க்கையின் பத்தாண்டுகள் தங்கியிருக்கின்றன. குடிபோதையில் நடந்துவிட்டது என்பதும் பொதுவாகச் சாக்காக ஏற்கப்படுவதில்லை. விரும்பிக் குடித்தவர் தம் செயலுக்குப் பொறுப்பானவரே.

இப்பொழுது தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். சமரசம் செய்துகொண்டால் வழக்கு தீராதா? வெறுங்கையால் விளைந்த சிறுகாயமாயின், பாதிக்கப்பட்டவரே சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. வழக்கு நீதிமன்றத்தில் இருந்தால் நீதிமன்றத்தின் இசைவையும் பெற வேண்டும். ஆனால் ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவித்த குற்றம் அவ்வாறு பேசித் தீர்க்கக் கூடியதன்று. அக்குற்றத்தைச் சட்டம் காயம்பட்ட ஒருவருக்கு மட்டுமன்றி நாட்டின் பொது அமைதிக்கே இழைத்த தீங்காகக் கருதுகிறது. வழக்கை நடத்துவதா, விடுவதா என்பதை அரசு வழக்கறிஞரே முடிவு செய்வார். போலீஸ் நிலையத்துக்குச் சென்று "புகாரைத் திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதிக் கொடுப்பதனால் மட்டும் வழக்கு மறைந்துவிடாது.

இதில் பலர் அறியாத ஓர் ஆபத்தும் உண்டு. ஒரு குற்றத்தை மறைப்பதற்காக அல்லது குற்றவாளியைத் தண்டனையிலிருந்து தப்புவிப்பதற்காகப் பணம் வாங்குவது தண்டனைச் சட்டத்தின் 213-ஆவது பிரிவின்படி தனிக் குற்றம். கொடுப்பது 214-ஆவது பிரிவின்படி குற்றம். சட்டப்படி சமரசம் செய்யத்தக்க சிறு குற்றங்களுக்கே இதில் விலக்கு உண்டு. ஆகவே, விரலை இழந்த ஒருவர் "நான் சாட்சி சொல்ல வரமாட்டேன்" என்று ஒப்புக்கொண்டு 3,000 வெள்ளி வாங்கினால், வாங்கியவரும் கொடுத்தவரும் நடுவில் நின்று பேசியவரும் சிக்கலுக்கு ஆளாகலாம். நல்லெண்ணத்தோடு பஞ்சாயத்துப் பேசும் தலைவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

அப்படியாயின் காயம்பட்டவர் வெறுங்கையுடன் வீடு திரும்ப வேண்டியதுதானா? இல்லை. இங்கேதான் நாம் முன்னர் சொன்ன திருத்தம் உதவுகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 426-ஆவது பிரிவின்படி, நீதிமன்றம் விரும்பினால் இழப்பீடு வழங்க ஆணையிடலாம் என்னும் நிலை முன்பே இருந்தது. திருத்தத்திற்குப் பின், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டு அரசு வழக்கறிஞர் விண்ணப்பித்தால், குற்றவாளி பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு செலுத்துமாறு நீதிமன்றம் ஆணையிட்டாக வேண்டும். உடற்காயம், வருமான இழப்பு, பொருளிழப்பு ஆகிய மூன்றும் கணக்கில் கொள்ளப்படும். குற்றத்தின் தன்மை, காயத்தின் கடுமை, செய்த செலவு ஆகியவற்றோடு, குற்றவாளியால் எவ்வளவு செலுத்த இயலும் என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். எனவே கூலி வேலை செய்பவரிடமிருந்து பெருந்தொகை வருமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆயினும் இது தண்டனைக்கு மாற்றன்று; தண்டனையோடு சேர்ந்தே வருவது.

தீர்ப்புக்கு முன் பாதிக்கப்பட்டவரோ அவர் குடும்பத்தினரோ கேட்டுக்கொண்டால், அக்குற்றத்தால் தமக்கு நேர்ந்த பாதிப்பை நீதிமன்றத்தில் கூறவும் சட்டம் உரிமை அளிக்கிறது. பிரட்டுக்களத்தில் நின்று பேசக் கூசாத நம் மக்கள் நீதிமன்றத்தில் பேசக் கூசுகின்றனர். அங்குப் பேச வேண்டியது பெரிய சட்டமன்று. "காலையில் கத்தி பிடிக்க முடியவில்லை, என் மனைவி இரண்டு நிரை சேர்த்துச் சீவுகிறாள்" என்பதைச் சொன்னால் போதும்.

இழப்பீடு உரிய காலத்தில் வாராவிடில் என்ன நேரும் என்பதற்கு, நாடே அறிந்த ஒரு வழக்கு கோலாலம்பூரிலேயே நடந்தது. 2004-ஆம் ஆண்டு மே மாதத்தில், இந்தோனேசியாவின் கூப்பாங் பகுதியிலிருந்து வீட்டு வேலைக்கு வந்த 19 வயதுப் பெண்ணொருத்தி, சூடான இஸ்திரிப் பெட்டியாலும் கொதிநீராலும் சுடப்பட்ட புண்களோடு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கண்டுபிடிக்கப்பட்டாள். அப்பெண்ணின் பெயரை மீண்டும் எழுத வேண்டியதில்லை. வீட்டு எசமானிக்கு 2008-ஆம் ஆண்டு நவம்பரில் செஷன்ஸ் நீதிமன்றம் 18 ஆண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் அது 12 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. தண்டனை கடுமையானதே. ஆனால் இழப்பீட்டுக்கு அப்பெண் தனியே உரிமை வழக்குத் தொடுக்க நேர்ந்தது. 1,29,000 வெள்ளிக்கு மேற்பட்ட தொகையை வழங்குமாறு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது ஆண்டு 2014. புண்பட்டு பத்தாண்டுகள் கடந்துவிட்டன. அந்தப் பத்தாண்டு முழுதும் அவள் உழைக்கும் வயதில் இருந்தாள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தியாவிலும் இத்தகைய சிந்தனை மாற்றம் ஏற்பட்டது. ஹரியானாவில் நிலத் தகராறு ஒன்றில் தலையில் அடிபட்ட ஒருவருக்குப் பேச்சாற்றல் நிலையாகக் குன்றிவிட்டது. அடித்தவர்களை நன்னடத்தை உறுதியின் பேரில் விடுவித்த உயர் நீதிமன்றம், ஆளுக்கு 2,500 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 1988-ஆம் ஆண்டில் இவ்வழக்கு இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, அத்தொகை போதாதென்று கூறி இழப்பீட்டை 50,000 ரூபாயாக உயர்த்தியது. இழப்பீடு வழங்கும் அதிகாரத்தை நீதிமன்றங்கள் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும் என்றும் அது அறிவுறுத்தியது. பேச முடியாதவருக்காக நீதிமன்றம் பேசிற்று என்றே நாம் கருதுகிறோம்.

காயப்படுத்தியவரின் தரப்பையும் ஒரு சொல் சொல்ல வேண்டும். தாமே முன்வந்து மருத்துவச் செலவை ஏற்று, அதனை மறைக்காமல் நீதிமன்றத்திலும் தெரிவித்தால், தண்டனையை அளவிடும்போது நீதிபதி அதனைக் கருத்தில் கொள்ளலாம். குற்றத்தை ஒப்புக்கொள்வதும், முன்பு குற்றம் செய்யாதவராக இருப்பதும் அவ்வாறே. ஆனால் 1976-ஆம் ஆண்டில் நீதிபதி ஹாஷிம் இயோப் சானி ஒரு தீர்ப்பில் வலியுறுத்தியபடி, தண்டனை விதிக்கும்போது முதலில் பார்க்கப்படுவது பொதுநலனே. அதனால் பணம் கொடுத்தவர் சிறைக்குத் தப்பிவிடுவார் என்று யாரும் உறுதி கூற முடியாது. கூறுகின்ற தரகரை நம்ப வேண்டா.

குடும்பத்துக்குள் நிகழும் காயத்தைச் சட்டம் இன்னும் கடுமையாகப் பார்க்கிறது. மனைவி, கணவர், பிள்ளை, குடும்பத்தினர் ஆகியோரைக் காயப்படுத்துபவருக்கு 326ஏ பிரிவின்படி அவ்வக் குற்றத்துக்குரிய உச்சச் சிறைக்காலத்தைப்போல் இரண்டு மடங்கு வரை விதிக்கலாம். 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் வழி இழப்பீடும் கோரலாம். "மாமன் மச்சானுக்குள் நடந்தது, வெளியே சொல்லலாமா" என்று மறைக்கப்படும் காயங்களே பல வீடுகளில் அடுத்த காயத்துக்கு வழி விடுகின்றன.

காயம்பட்டவர் செய்ய வேண்டியவை அதிகமில்லை. ஆனால் அவற்றை நாள் தவறாது செய்ய வேண்டும். முதலில் அரசாங்க மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நாட்டு மருந்து வைத்துக் கட்டிக்கொண்டு நான்கு நாள் கழித்துப் போனால், மருத்துவ அறிக்கையில் காயத்தின் முழு அளவும் பதியாமற் போகலாம். போலீசில் புகார் செய்து புகாரின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். சுபாங் ஜெயா வட்டாரத்தில் நடந்ததாயின் அங்குள்ள போலீஸ் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். வழக்குகள் பொதுவாகப் பெட்டாலிங் ஜெயா அல்லது ஷா ஆலாம் நீதிமன்றங்களில் நடைபெறும்.

மருந்துச் சீட்டு, பேருந்துச் செலவு, உதவிக்கு வைத்த ஆளின் கூலி ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள் போட்டு எழுதி, ரசீதுகளையும் அதிலேயே வையுங்கள். வருமான இழப்பை மெய்ப்பிக்கச் சம்பளச் சீட்டே சிறந்த சான்று. பால் எடைக்கேற்பச் சம்பளம் பெறுபவர்கள், காயத்துக்கு முந்தைய சில மாதங்களின் சீட்டுகளையும் பிந்தைய மாதங்களின் சீட்டுகளையும் சேர்த்துக் காட்டினால்தான் எவ்வளவு குறைந்தது என்பது புலப்படும். தோட்ட அலுவலகத்தில் கிராணியிடம் கேட்டால் பழைய கணக்கைப் பார்த்துத் தர இயலும். வேலை நேரத்தில் வேலையிடத்தில் நேர்ந்த காயமாயின் பெர்க்கேசோ அலுவலகத்திலும் விசாரிக்க வேண்டும்.

வழக்கு விசாரணைக்கு வரும்போது, அரசு வழக்கறிஞரை அல்லது விசாரணை அதிகாரியை அணுகி, 426-ஆவது பிரிவின்கீழ் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்குமாறு கேளுங்கள். கேளாதவருக்காக அவர் தாமே விண்ணப்பிப்பார் என்று இருந்துவிடலாகாது. நீதிமன்றம் ஆணையிட்ட தொகை போதாதெனில் மீதிக்கு உரிமை வழக்குத் தொடர வழியுண்டு. தீபகற்ப மலேசியாவில் அதற்குப் பொதுவாகக் காயம் நேர்ந்த நாளிலிருந்து 6 ஆண்டுகள் தவணை. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் அரசாங்கச் சட்ட உதவி அலுவலகத்தில் ஆலோசனை கேட்கலாம்.

யாரேனும் ஒரு தாளை நீட்டி, "இதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால், அதில் எழுதியிருப்பதை உங்கள் பிள்ளையையோ தொழிற்சங்கக் கிளைச் செயலாளரையோ படித்துக் காட்டச் சொல்லுங்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்னும் பொருளில் ஒரு வரி இருந்தால், சட்ட உதவி அலுவலகத்தில் காட்டும் வரை கையெழுத்திட வேண்டா. வாங்கும் பணம் மருத்துவச் செலவுக்கு மட்டுமே என்றால் அப்படியே எழுதச் செய்து, தேதியிட்ட நகல் ஒன்றைப் புகார் நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.